பாலத்துக்கு இந்தப் பக்கம்

"பாரு, இன்னிக்கும் வந்துட்டா!"

ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பிடித்தபடி சொன்னாள் கிரெட்சன். காலை ஏழு மணி. எதிர் வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நின்றது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி புத்தகப் பையோடு இறங்கினாள். ஆஸ்பத்திரி யூனிஃபார்மில் இருந்த அம்மா கையசைத்துவிட்டுக் காரை விரட்டிக்கொண்டு போனாள்.

"யாரு?" தட்டிலிருந்து நிமிராமல் கேட்டான் கணவன் டேரல்.

"அமாயா. நம்ம டெஸா கிளாஸ். எதிர் வீட்டு குபியாக்கோட அட்ரஸைக் குடுத்துச் சேர்த்திருக்காங்க. ஆனா குடியிருக்கிறது பாலத்துக்கு அந்தப் பக்கம். நாம மட்டும் என்ன ஏமாளியா?"

அவள் கொதித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. நெப்ராஸ்காவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு மாற்றல் என்றதும் ஆறு மாதம் கம்ப்யூட்டரே கதியென்று கிடந்தாள். எந்த ஊர்ப் பள்ளிக்கு எத்தனை மார்க் என்று அலசி, பத்துக்கு ஒன்பது வாங்கிய இந்த வட்டாரத்தைப் பிடித்தாள். ஓடைப் பாலத்தைத் தாண்டினால் வேறு வட்டாரம், மார்க் நாலு. அங்கே ஒரு முழு வீடு வாங்கும் விலைக்கு இங்கே முக்கால் வீடுதான் கிடைத்தது. டெஸாவுக்கும் அவள் தம்பிக்கும் ஒரே அறை. வட்டாரத்துக்குள் குடியிருந்தால்தான் பள்ளியில் இடம். ஆகஸ்டில் வந்தவர்களுக்கு அந்த வீடும் அக்டோபர் பாதியில்தான் கைக்கு வந்தது. அதுவரை அவள் பட்ட பாடு தனிக்கதை.

"குபியாக் மரத்து இலையெல்லாம் நம்ம புல்லுல வந்து விழுது. நிஜக் கோபம் அதானே?" டேரல் சிரித்தான்.

"அதுவும்தான்! நாம வந்த புதுசுல, தினம் காலையில டிரெஸ்ஸிங் கவுனோட வாசல்ல நின்னு நம்மளையே முறைச்சுப் பார்ப்பானே, மறந்துட்டியா?"

"அம்மா, அமாயா பஸ்ல எனக்கு சீட் பிடிச்சு வைப்பா," என்றாள் டெஸா.

"நீ பாலைக் குடி."

அன்று மத்தியானமே கிரெட்சன் பள்ளி வட்டாரத்தின் புகார் நம்பருக்குப் போன் போட்டாள். பெயரைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. ஒரு கையில் ஃபைல், இன்னொரு கையில் காகிதக் கோப்பைக் காபியோடு ஒருவர் நின்றார். ரிட்டயரான போலீஸ்காரராம், இப்போது பள்ளி வட்டாரத்துக்காகப் புகார்களை விசாரிக்கிறவர், பெயர் லூபின்.

"எதிர் வீட்டுப் பொண்ணைப் பத்தி ஒரு புகார். அங்க குடியில்லைன்னு யாரோ சொல்லியிருக்காங்க. குபியாக், அவ தன் வீட்லதான் இருக்கான்னு சாதிக்கிறார். அவர் பேச்சை மட்டும் எடுத்துக்க முடியாதே. அக்கம்பக்கத்துல ஒருத்தர் கையெழுத்து வேணும். இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்தா, திங்கட்கிழமை பொண்ணு பேரை எடுத்துடுவோம்."

கிரெட்சன் கதவை அகலத் திறந்தாள். "உட்காருங்க சார். நான் எழுதித் தரேன்."

பேனாவைத் தேடி எடுத்து வந்தாள். லூபின் படிவத்தில் அவள் வீட்டு எண்ணை எழுதப் போனவர், நிமிர்ந்து கதவைப் பார்த்தார்.

"பதினேழா? இந்த வீட்டுக்கு நான் ஏற்கெனவே வந்திருக்கேனே!"

"எங்க வீட்டுக்கா?"

"செப்டம்பர்ல. வீடு காலியா கிடக்கு, ஆனா நெப்ராஸ்கா நம்பர் பிளேட் வண்டி ஒண்ணு தினம் ரெண்டு பிள்ளைங்களைக் கொண்டுவந்து பஸ்ஸுக்கு விடுதுன்னு ஒரு போன். பேர் சொல்லலை. இந்த மாதிரி விஷயத்துக்கு யார் மேடம் பேர் சொல்றாங்க?"

கிரெட்சன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்து மோட்டலில் ஏழு வாரம். தினமும் ஆறு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி, காரிலேயே தலை வாரி, பூட்டிக் கிடந்த இந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

"நான் வந்தப்ப பூட்டியிருந்தது. எதிர் வீட்டுல விசாரிச்சேன். குபியாக் என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டார். 'யாருய்யா குடியில்லைன்னது? ராத்திரி ஆனா அந்தச் சின்னப் பையன் பல்லு தேய்க்க மாட்டேன்னு போடுற கூச்சல்ல எனக்குத் தூக்கமே போச்சு'ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டார். அதோட ஃபைலை மூடிட்டேன்."

அவர்களோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத மனுஷன். கிரெட்சனுக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது.

ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர் வாசலில் அதே டிரெஸ்ஸிங் கவுனோடு குபியாக் குனிந்து, அமாயாவின் கோட்டுக்கு ஜிப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் டெஸாவும் தம்பியும். மஞ்சள் பஸ் திரும்பியது. இரண்டு பெண்களும் கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்கள்.

"சரி மேடம், சொல்லுங்க. அந்தப் பொண்ணு அங்க குடியிருக்கா, இல்லையா?"

கிரெட்சன் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அமாயாவா? அங்கதான் சார் இருக்கா," என்றாள். "ராத்திரி ஒன்பதானா, பல்லு தேய்ச்சியான்னு குபியாக் அவளை விரட்டுற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது."

எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

லூபின் படிவத்தை ஒரு தரம் படித்தார். அவளைப் பார்த்தார். மீதிக் காபியைக் குடித்து முடித்துவிட்டு, ஃபைலை மூடினார்.

"நல்ல தெரு மேடம் இது," என்றார். "குடியே இல்லாத பிள்ளைங்ககூட வேளா வேளைக்குப் பல்லு தேய்க்குதுங்க."