உட்கார்ந்தால்தான் இறங்கும்

திண்டுக்கல் கடையில் ராபின் மானிட்டரை ஏற இறங்கப் பார்த்தான், கீபோர்டில் நாலு வரி அடித்துப் பார்த்தான், கடைசியில் உசத்தியான சுழல் நாற்காலி ஒன்றையும் எடுத்தான். அவன் மனைவி ஜெசிந்தா சாகும்வரை கேட்டது அது ஒன்றைத்தான். குள்ளமானவள், பிளாஸ்டிக் நாற்காலியில் கால் தரைக்கு எட்டாமல் தொங்க, நாளெல்லாம் ஆன்லைன் டியூசன் எடுத்தாள்.

"இடுப்பு தெறிக்குதுங்க" என்பாள்.

"நாற்காலியா பாடம் நடத்துது?" என்று அவள் வாயை அடைத்துவிடுவான்.

புது நாற்காலியைத் தன் உயரத்துக்கு ஏற்றி வைத்தான். காலையில் அது அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. மறுநாளும் அப்படியே. கடைக்காரர் ஆல்வின் வேறொன்று மாற்றித் தந்தார். அதுவும் இறங்கியது.

ஆல்வினே வீட்டுக்கு வந்து பார்த்தார்.

"பழுது ஒண்ணுமில்லண்ணே. சும்மா கெடந்தா இது எறங்காது. ஆளு உக்காந்து லீவர இழுத்தாத்தான் எறங்கும். வீட்ல குட்டையா யாரும் இருக்காகளா?"

"நான் மட்டுந்தேன்."

இப்போது ராபின் பழைய பிளாஸ்டிக் நாற்காலியில்தான் வேலை பார்க்கிறான். இடுப்பு தெறிக்கிறது. பக்கத்தில் புதியது தாழ்ந்தே நிற்கிறது. யாரும் உட்காராத அதன் மெத்தையில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்துகொண்டு வருகிறது.