அப்பாவுக்குச் சொல்லாத பிஸ்டல்

"அப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றாள் நாகேஸ்வரி, காரை விட்டு இறங்கும்போதே.

"எனக்கு இருபத்தினாலு வயசு அம்மா. துப்பாக்கி லைசென்ஸும் இருக்கு" என்றாள் மயூரா.

"இருக்கட்டும். தீபாவளி வெடி கேட்டாலே பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைப் பூட்டுற மனுசன். வன்னிச் சண்டையில கேட்டது காணும் அவருக்கு."

ஒரு வருசமாக இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் 'லைப்ரரிக்குப் போட்டு வாறம்' என்று கணவர் கணேசலிங்கத்திடம் சொல்லிவிட்டு, தாயும் மகளும் புலம்பெயர்ந்து குடியேறிய பென்டில் ஹில் வீட்டிலிருந்து இந்தத் துப்பாக்கிப் பயிற்சி கிளப்புக்கு வந்துவிடுவார்கள். மகள் உள்ளே சுடுவாள். தாய் காரிலேயே இருந்து ஃபோன் பார்ப்பாள்.

இன்று புதன்கிழமை. மயூரா சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்க நினைத்திருந்தாள். அவள் பார்த்து வைத்த மலிவான மாடல் பயிற்சியாளர் கிரணிடம் இருந்தது. "லீவு போட்டுட்டு புதன்கிழமை வா, சுட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணு" என்று சொல்லியிருந்தான். அப்படி என்னதான் வாங்கப் போகிறாள் என்று பார்க்க, நாகேஸ்வரியும் முதல் தடவையாக உள்ளே வந்தாள்.

"இது டபுள் ஸ்டாக். மேகஸின்ல குண்டு ரெண்டு வரிசையா உட்காரும். இங்க சட்டப்படி பத்துதான் போடலாம். ஆனா பிடி தடியாத்தான் இருக்கும். உன் கைக்கு வருதா பாரு" என்றான் கிரண்.

பிடித்துப் பார்த்தாள். "கொஞ்சம் பெருசு."

பிடியின் பின்பக்கத் தகட்டைக் கழற்றிச் சின்னதாக ஒன்று மாட்டிக் கொடுத்தான். "இப்ப?"

"இப்ப ஓகே."

பத்தும் சுட்டாள். ஒரு குண்டுகூடத் துப்பாக்கியில் சிக்கவில்லை. முதல் இரண்டும் இலக்கின் கீழ்ப்பக்கம் இறங்கிவிட்டன. மற்றவை எல்லாம் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி விழுந்தன.

"ட்ரிகர் கொஞ்சம் இறுக்கம்."

"இந்த விலைக்கு அப்படித்தான். பெரிய போட்டிக்கு அப்புறமா வேற பார்த்துக்கலாம். பழகறதுக்கு இது தாராளம்."

"அப்ப இதையே எடுப்பம்" என்று தாயிடம் திரும்பினாள் மயூரா. "ஆனா வீட்டுச் சுவரில இதை வைக்க ஒரு இரும்பு சேஃப் பூட்ட வேணும் அம்மா. அதை அப்பாட்ட என்னெண்டு மறைக்கிறது?"

நாகேஸ்வரி பின்னால் இருந்த கண்ணாடி அறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அங்கே ஒருவர், காதுக்கவசம் மாட்டியபடி, கதிரையின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கணேசலிங்கம்.

மயூரா பிஸ்டலைக் கிரணிடம் கொடுத்துவிட்டு அந்த அறைக்குள் ஓடினாள்; தாயும் பின்னால் போனாள்.

"அப்பா, அம்மாவோட கோவிக்காதேங்கோ. நான்தான்..."

கண்ணைத் திறந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காதுக்கவசத்தைக் கழற்றினார்.

"லைப்ரரிக்குப் போட்டு வாற பிள்ளையின்ர சட்டையில வெடிமருந்து மணக்குமோ? அந்த மணம் எனக்குத் தெரியாதோ?"

குரலில் கோபம் இல்லை.

"தெரிஞ்சும் ஏன் ஒண்டும் கேக்கேல்ல?" என்றாள் நாகேஸ்வரி. "எங்களைக் கையும் களவுமாப் பிடிக்க வந்தனீங்களோ?"

பின்னாலேயே வந்த கிரண் குறுக்கிட்டான். "இவர் உங்க வீட்டு அங்கிளா? ரெண்டு மாசமா ஒவ்வொரு புதன்கிழமையும் வர்றாரே! சுட மாட்டார். சும்மா இந்தச் சேர்ல உட்கார்ந்திருப்பார். முதல் நாள் ரெண்டாவது வெடிக்கே வெளிய ஓடிட்டார். இப்பத்தான் ஒரு மணி நேரம் தாக்குப் பிடிக்கிறார்."

நாகேஸ்வரி பக்கத்துக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"சுடுறதும் இல்லையெண்டா, இங்க வந்து என்னப்பா செய்யிறியள்?"

கணேசலிங்கம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளை போட்டியில சுடேக்க பக்கத்தில நிக்க வேணுமெல்லோ? அதான், சத்தம் பழகிறன்."