நாலு மாடிக்கு ஒரு ஆட்சேபம்

“எழுதுங்கோ மஹ்ரூப். நாலு மாடி எழும்பினால் இந்தத் தெரு தெருவா இராது.”

இராசநாயகம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே மஹ்ரூப் பேனாவைத் திறந்தார். பழைய சுங்கத் தெருவில் எந்த மனுவானாலும் எழுதுவது அவர்தான். கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும்.

இராசநாயகத்தின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு பழைய பங்களா இடிந்து கிடந்தது. அதை வாங்கியவர் அங்கே பதினாறு குடும்பங்களுக்கு மாடி வீடு கட்டப் போகிறாராம். துறைமுகத்துக்கும் சீனன்குடாவுக்கும் வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்க இடமில்லாமல் அலைந்த காலம் அது.

“இது பழைய தெரு, கடல் காத்து நிண்டுபோகும் எண்டு போடுங்கோ. பதினாறு வீடு தண்ணி அள்ளினால் எங்கட கிணறு உப்பாப் போகும். ஆரெண்டே தெரியாத சனம் வந்து சேரும்.”

அவர் சொல்லி முடிக்குமுன் எல்லாம் தாளில் இருந்தது.

“எப்பிடி இவ்வளவு கெதியா எழுதுறீங்கள்?”

“இந்தக் கதையெல்லாம் சின்னனிலயே கேட்டதுதானே அண்ணன்,” என்றார் மஹ்ரூப்.

இரண்டே நாளில் தெரு முழுக்கக் கையெழுத்து விழுந்தது. இராசநாயகத்தின் மனைவி வள்ளிநாயகி மட்டும், “வாறதுகளுக்கும் இருக்க இடம் வேணும்தானே,” என்றாள்.

“இருக்கட்டும். உப்புவெளிப் பக்கம் போய் இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார்.

நகரசபைக் கந்தோரில் கட்டட அனுமதிகளைப் பார்க்கிற இராசமலர் மனுவை இரண்டு தரம் வாசித்தாள்.

“தெரு பழசு எண்டதுக்கு ஆதாரம் வேணும் ஐயா. வாயால சொன்னால் பெரியவர் ஏற்கமாட்டார்.”

“என்ர வீடே ஆதாரம் பிள்ளை. இருபத்தாறாம் ஆண்டு எங்கட ஐயா கட்டினவர். அந்த அனுமதிக் கோவை உள்ளுக்குக் கிடக்கும், எடுத்துப் பாருங்கோ.”

கூட வந்திருந்த மஹ்ரூப் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தார். “அதெல்லாம் கறையான் திண்டிருக்கும் அண்ணன். வேற ஏதும் கடிதம் எடுத்துக் குடுப்பம்.”

“ஏன் வேற? எடுக்கட்டும்.”

அரை மணித்தியாலம் கழித்து, தூசி படிந்த ஒரு கட்டோடு இராசமலர் வந்தாள். மேலே வீட்டு வரைபடம். ஒரே வளவுக்குள் சுவரோடு சுவராக நாலு வீடுகள். டொக்யாட்டில் கப்பல் வேலைக்குக் காரைநகரிலிருந்து வந்த நாலு பேரின் பெயர்கள். முதலாவது, இராசநாயகத்தின் தகப்பன்.

“பாத்தீங்களோ,” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினார். அதுவும் ஒரு மனு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரத்து வாசிக்கத் தொடங்கினார்.

“கடற்காற்றுத் தடைப்படும். கிணறு உவராகும். ஒரு வளவில் நாலு வீடுகளை நெருக்கினால் ஊர் பேர் அறியாதவர்கள் வந்து சேருவார்கள். ஆகையால் இவர்களுக்கு அனுமதி கொடுக்கலாகாது…”

கடைசிச் சொல் அவருக்கே கேட்கவில்லை. கீழே கையெழுத்து இருந்த மூலையைக் கறையான் தின்றிருந்தது. ஊர் பேர் அறியாதவர். தன் ஐயாவையா? அந்த வீட்டில்தான் இராசநாயகம் பிறந்தார். அந்தத் தெருவில்தான் அவருடைய மூன்று பிள்ளைகளும் நடை பழகினார்கள்.

“உங்கட மனுவைப் பதியட்டோ ஐயா?” என்று இராசமலர் கேட்டாள்.

“வேண்டாம் பிள்ளை. தாங்கோ.” வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். இராசநாயகம் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். கோபம் இன்னும் அடங்கவில்லை.

“என்ன மனுசன் அவன் மஹ்ரூப். பிழைக்க வந்த சனத்தை இப்பிடியும் எழுதுவானோ? உங்கட வாப்பா இருந்திருந்தால் அவன் ஆரெண்டு சொல்லியிருப்பார். சின்னனில என்ர காலில திருக்கை மீன் முள்ளுக் குத்தேக்க, தோளில தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர் அவர். அப்பிடி ஒரு மனுசனும் அதே தெருவிலதானே இருந்தவர்.”

மஹ்ரூப் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் செருகினார்.

“வாப்பாதான் எழுதினவர் அண்ணன். நல்ல காலம், அப்ப அவர் சொன்னத ஒருத்தரும் கேக்கல்ல.”