படகோட்டியின் மீசை

அக்கா படகோட்டியை எடுத்து மேசைக்கு அந்தப் பக்கம் வீசினாள்.

தம்பி குனிந்து பொறுக்கி, தூசி தட்டி, மறுபடியும் வரிசையில் வைத்தான்.

அவள் மறுபடியும் எடுத்து வீசினாள்.

தம்பியின் செல்போன் பழுதுபார்க்கும் கடை, அதன் பின்னறை. பிரித்துப் போட்ட போன்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மேசை நிறைய ஊர்க்காரர்களைப் பரப்பியிருந்தார்கள். எல்லாம் அக்கா பென்சிலில் வரைந்த அட்டைகள். மூலிகை விற்கும் சூனியக்காரி, பாலத்தை மறிக்கும் பூதம், இரட்டைத்தலைக் காவல்காரன், பொய்யைத் தவிர வேறொன்றும் பேசாத கொல்லன் என்று மொத்தம் பத்துப் பேர்.

தம்பி உண்டாக்கிய விளையாட்டு அது. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, ஒரு மாய ஊருக்குள் போய்க் கதை பேசியே ஆடுவது. இந்தப் பத்துப் பேரின் வேஷத்தை ஆடுகிறவர்கள் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இவர்கள் போகிற வழியில் எதிர்ப்படும் ஊர் ஜனங்கள். விளையாட்டை நடத்துகிறவன்தான் இவர்களுக்காகப் பேச வேண்டும்.

பத்துப் பேரையும் விற்கப்போகிற விளையாட்டுப் பெட்டியில் போட முடியாது. அச்சடிக்கக் கிடைத்த தாளில் ஆறு பேருக்குத்தான் இடம். அச்சடிப்பது அக்கா வேலை பார்க்கிற அச்சகத்தில்தான். பிஸ்கட் டப்பாவுக்குக் கோதுமைக்கதிரும் பசுமாடும் வரைகிற வேலை அவளுக்கு. முதலாளி போனால் போகிறதென்று ஒரு தாளை விட்டுக்கொடுத்திருந்தார். யார் யார் என்று முடிவு செய்து, இன்றைக்கே மை போட்டுக் கொடுத்தாக வேண்டும்.

ஐந்து பேரைச் சண்டை சச்சரவில்லாமல் பொறுக்கிவிட்டார்கள். சூனியக்காரி நன்றாக வாயடிப்பாள், இருக்கட்டும் என்றாள் அக்கா. பூதம் இல்லாவிட்டால் கதையே நகராது என்றான் தம்பி. கொல்லனை நினைத்து இருவரும் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

ஆறாவதில் வந்து முட்டிக்கொண்டது.

படகோட்டியைப் பற்றித் தம்பி அவளிடம் சொல்லியிருந்தது கொஞ்சம்தான். எந்நேரமும் சிடுசிடுப்பு. யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுகிற வழக்கமில்லை. ஆனால் பூதத்துக்கு வெறி பிடிக்கும்போதெல்லாம் பிள்ளைகளைப் படகில் ஏற்றி அக்கரையில் கொண்டுபோய் விடுகிற ஆள். கூலி கிடையாது. விட்டதும் அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்காமல் திரும்பி வந்துவிடுகிற ஆள்.

வரையும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சிடுசிடுப்பு என்றதும் கை தன்பாட்டுக்கு ஓடிவிட்டது. தடித்த புருவம், நறநறவென்று கடித்த பல், அதற்கு மேலே முறுக்கிவிட்ட மீசை. இன்றைக்குப் பத்துப் பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பளிச்சென்று பட்டது.

அப்பா. அச்சு அசல் அப்பா.

வந்ததே கோபம் அவளுக்கு!

டவுன் பஸ் ஓட்டிய மனுஷன். குடி கிடையாது, ஒன்றும் கிடையாது. முழுத் தெளிவோடுதான் அடிப்பார். அம்மாவுக்குப் பாதி விழும். நடுவில் போய் நிற்கிற அக்காவுக்கு மீதி. அந்த ஆளுக்குப் போய்ப் படகாம், துடுப்பாம், பிள்ளைகள் மேல் கரிசனமாம்! அவர் செத்த அன்றைக்குக்கூட அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இப்போது அந்த மூஞ்சிக்குத் தன் கையாலேயே மை போட்டு, நல்லவர் என்று பெட்டி பெட்டியாக ஊருக்கு அனுப்ப வேண்டுமாக்கும்.

இவனுக்கு என்ன தெரியும்? இவன் உடம்பில் ஓர் அடி விழுந்ததுண்டா? வீடு ரணகளமான நாளில் எல்லாம் இவன் அங்கே இருந்ததே இல்லை. நோகாமல் வளர்ந்த பிள்ளை. அதனால்தான் அப்பா இவனுக்கு இப்படி இனிக்கிறார்.

"அந்தாளை நல்லவராக்கிப் பெட்டியில போட்டு விக்கணுமாடா உனக்கு?" அவன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "அவர் உள்ள வந்தா என் படம் ஒண்ணுகூட வராது. எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

தம்பி திருதிருவென்று விழித்தான். அந்த முழி அவள் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது. அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் போனாள்.

அவன் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பாவா? பாலத்துல நிக்குதே பூதம், அதுதான்க்கா அப்பா." அவனுக்கும் இப்போது கோபம் வந்திருந்தது. "அவர் கைய ஓங்கினப்பெல்லாம் என்னை சைக்கிள்ல பின்னாடி உக்கார வச்சு, சித்தி வீட்டுல கொண்டுபோய் விட்டது யாரு? நீயும் இருன்னு சித்தி கெஞ்சக் கெஞ்ச, அம்மா தனியா மாட்டிப்பாங்கன்னு அந்த நிமிஷமே திரும்பிப் போனது யாரு? மீசையெல்லாம் நீயா போட்டது. நான் மீசைன்னு சொன்னேனா?"

அக்கா கையை உதறி விடுவித்துக்கொண்டாள்.

"இதை முதல்லயே சொல்லித் தொலையறதுக்கு என்னடா, எருமைமாடு!"

கடைக்கு முன்னால் நின்ற வாடிக்கையாளர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். பிறகு போன் உதிரிகளை இப்படியும் அப்படியும் தள்ளி ரப்பரைத் தேடி எடுத்தாள். தாள் கசங்குகிற மாதிரி அழுத்தித் தேய்த்தாள். மீசை போய்விட்டது.

கடித்த பல்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, மைப்புட்டியைத் திறந்தாள்.