வெள்ளைக் கோடு

கணவன் தயாளன் வாங்கித்தந்த ஜாஸ்பர் கல் பதக்கத்தில் வெள்ளைக் கோடு ஏன் பாதி வளைவிலேயே விளிம்பில் நின்றுவிடுகிறது என்று கோமளாவுக்குப் புரியவில்லை. இரும்பு கலந்து சிவந்த கல்லில் விரிசல் விழுந்து, அதில் வெள்ளைப் படிகம் ஊறி இறுகினால் இப்படிக் கோடு உண்டாகும். ஒரு கல்லின் கோடு இன்னொரு கல்லில் வராது.

"உலகத்துலயே இது ஒண்ணுதான்," என்று சொல்லித்தான் கொடுத்தான்.

அவனுடைய அலுவலக விருந்தில், உடன் வேலை பார்க்கும் ரெபெக்காவின் கழுத்திலும் ஒரு சிவப்புப் பதக்கம்.

"அழகா இருக்கே. யாரு வாங்கிக் குடுத்தா?"

"நானேதான் வாங்கிக்கிட்டேங்க்கா. எனக்கு வேற யாரு இருக்கா?" ரெபெக்கா சிரித்தாள்.

தயாளன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கோமளா தன் பதக்கத்தைக் கழற்றி அவளுடையதோடு சேர்த்துப் பிடித்தாள். விளிம்பு பொருந்தியது. இந்தக் கல்லில் அறுந்த கோடு அந்தக் கல்லில் தொடர்ந்தது.