யாருக்கும் ஊற்றாத போத்தல்

“என்ன மனுசனப்பா இந்தக் கப்டன்! மேசை முழுக்கக் கிளாசை நீட்டிக்கொண்டு இருக்கினம். ஒருத்தருக்கும் ஒரு சொட்டு ஊத்திறானில்லையே!”

குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்த சமையற்காரர் சிவபாதம் முணுமுணுத்தார்.

பக்கத்தில் நின்ற பரிமாறுகாரன் இராசதுரையின் கண் அந்தப் போத்தலிலேயே இருந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகள் சாப்பிடும் மண்டபம் அது. அன்று மத்தியானம் கிரேக்கக் கப்டன் மனோலிஸ் கொடுத்த விருந்து. உலகப்போரில் ஜெர்மன்காரர் பிடித்து வைத்திருந்த அவருடைய தீவு விடுபட்டதென்று ரேடியோவில் செய்தி வந்திருந்தது.

எரிமலை வெடித்து மிஞ்சிய சின்னத் தீவாம். சாம்பல் மண்ணாம். கடற்காற்றுக்குத் தப்புவதற்காக முந்திரிகைக் கொடியைக் கூடை போல வளைத்துத் தரையோடு வளர்ப்பார்களாம். அப்படித் தன் தகப்பன் வளர்த்த தோட்டத்துத் திராட்சையில் வடித்த வெள்ளை வைனில் ஒரே ஒரு போத்தல்தான் கப்டனிடம் மிஞ்சியிருந்தது.

“என் தீவு விடுபடும் நாளில் எல்லாரும் சேர்ந்து குடிப்போம்” என்று சொல்லி, அதை மண்டபத்து அலுமாரியில் வைத்திருந்தார். அலுமாரிச் சாவி இராசதுரையிடம் இருந்தது.

அப்படி என்னதான் இருக்கும் அதில் என்று ஒருநாள் ஒரு வாய் குடித்தான். அடுத்த நாள் இன்னொரு வாய். கொஞ்ச நாளில் போத்தல் வெறும் போத்தலாகிவிட்டது.

ரேடியோச் செய்தி வந்ததும் அவன் அலுமாரிக்கு ஓடினான். வெளிறின தேத்தண்ணியில் தேசிக்காய் பிழிந்து, கொஞ்சம் சாராயமும் விட்டுப் போத்தலை நிரப்பினான். தக்கையை அமர்த்தி, மெழுகு உருக்கி வாயை மூடினான். ஒரு பால்மா டின்னைச் சுருட்டியவனையே போன மாதம் மறியலில் போட்டுவிட்டார்கள். இவனும் உள்ளே போனால், மனைவியும் கைக்குழந்தையும் என்ன செய்வார்கள்?

சற்று முன்பு கப்டன் மெழுகை உடைத்தபோது அவன் குசினி வாசலுக்கு ஒதுங்கிக்கொண்டான்.

கப்டன் தன் கிளாசில் கொஞ்சம் ஊற்றி, ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். நெடுநேரம் திறக்கவில்லை.

“இதுதான்! என் அப்பாவின் தோட்டம்!” என்றார் பிறகு.

கிளாசுகள் நீண்டன. கப்டன் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“மன்னியுங்கள். பங்குபோட மனம் வரவில்லை.”

பகிடி விடுகிறார் என்று முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. “எங்கள் போத்தல்கள் மட்டும் இவருக்கு இனித்தன” என்று ஓர் அதிகாரி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். கப்டன் முகம் சிவந்தது. ஆனாலும் ஊற்றி ஊற்றிக் குடித்து, போத்தலைக் கவிழ்த்து வைத்தார்.

“பிசினாறி!” என்றார் சிவபாதம்.

“பிசினாறிதான் அண்ணை! செத்தாலும் கொண்டுதான் போவான்” என்றான் இராசதுரை. போன உயிர் திரும்பி வந்திருந்தது. தேத்தண்ணிக்கும் வைனுக்கும் வித்தியாசம் தெரியாத நாக்கு என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பும் வந்தது.

சாப்பாடு முடிந்தது. கப்டனிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இராசதுரை மேசை துடைக்கப் போனபோது அவர் மட்டும் கதிரையில் இருந்தார்.

“கதவைச் சாத்து” என்றார்.

சாத்தினான்.

“தேசிக்காய் கொஞ்சம் கூடிவிட்டது.”

இராசதுரை துணியை மேசையில் போட்டுவிட்டுக் கைகூப்பினான்.

“சேர்...”

“அவர்களில் ஒருவர் வாயில் வைத்திருந்தாலும் இந்நேரம் உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.”

அவனால் தலை நிமிர்த்த ஏலவில்லை. காலில் விழப்போனவனைக் கப்டன் தோளில் பிடித்து நிறுத்தினார். பக்கத்துக் கதிரையை இழுத்து இருத்தினார்.

“வீட்டை விட்டு வந்து கனகாலம். எனக்கு அந்த ருசியே மறந்துபோய்விட்டது” என்றார், தணிந்த குரலில். “நீ குடித்தவன்தானே, சொல்லு. எப்படி இருந்தது?”