ஆத்தைத் தாண்டினாத்தான் ஆட்டம்

"அம்மா, அவன் உங்களைப் பார்க்க வரல. சூதாட வர்றான்!"

டல்லாஸ்ல இருந்து மகிழன் கத்தினது போன் ஸ்பீக்கர்ல, நியூஜெர்சி எடிசன் ஊர்ல இருக்கற வீடு முழுக்கக் கேட்டுச்சு. மகிழன் என் அத்தை பையன். அவன் சொன்ன 'அவன்' நான்தான். அப்போ அத்தை வீட்டு டைனிங் டேபிள்ல, வாய் நிறைய அரிசிம்பருப்புச் சோத்தோட உக்காந்திருந்தேன்.

முழுங்கிட்டுப் பாய்ஞ்சேன். "யாருடா சூதாடி? போக்கர்ங்கறது கணக்குடா! நான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல எம்.எஸ். பண்றேன், ஞாபகம் இருக்குல்ல?"

"ஓ! சரிங்க சார், இந்த மாசம் கணக்குல எவ்வளவு வந்துச்சு?"

தண்ணி குடிச்சேன்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்கோங்க. நியூயார்க்ல இருந்துக்கிட்டு ஆன்லைன்ல காசு வெச்சு போக்கர் ஆட முடியாது, சட்டம். நியூஜெர்சிக்குள்ள கால் வெச்சாத்தான் அந்த ஆப் உள்ளயே விடும். அதுக்குத்தான் தொரை வாரா வாரம் ஹட்சன் ஆத்தைத் தாண்டி உங்க வீட்டுக்கு வர்றாரு. அவன் ரூம்மேட்டே சொல்லிட்டான். அது பாசம் இல்லம்மா, லொக்கேஷன்!"

"டேய், எனக்கு லொக்கேஷனாவது இருக்கு. நீ கடைசியா எப்படா வந்தே? உனக்கு ரெண்டுமே இல்லியே!"

"நான் வரல, சரி. டல்லாஸுக்குக் கூப்பிடறேன்ல? 'வீட்டை வித்துட்டு எங்ககூட வந்து இருங்க'ன்னா, 'சனிக்கிழமை கிரி வருவானே'ங்கறாங்க! அப்பா போனப்புறம் உன்னாலதான்டா எங்கம்மா அங்க தனியாக் கிடக்கறாங்க. வாய் இருக்குல்ல? உண்மையைச் சொல்லு. நாளைக்கே கிளம்பிடுவாங்க."

போனை வெச்சுட்டான்.

வாய்ச்சண்டையில நான் தோத்ததா சரித்திரமே கிடையாது. தோக்கறதெல்லாம் போக்கர்ல மட்டும்தான்.

நான் ஜெயிச்ச சனிக்கிழமைங்களை நீங்க பார்த்திருக்கணும். மாடியில இருந்து ராஜா மாதிரி இறங்கி, "அத்தை, அவசரமா ப்ராஜெக்ட் வேலை"ன்னு புளுகிட்டு, அடுத்த ட்ரெயின்லயே மன்ஹாட்டன். ஃப்ரெண்ட்ஸுக்குப் பீட்சா, 'ப்ளஃப் பண்றது எப்படி'ன்னு அவனுங்களுக்கு ஒரு லெக்சர். அப்படிப்பட்ட சனிக்கிழமை எத்தனைன்னு மட்டும் கேட்காதீங்க. எம்.எஸ். படிப்புக்கே மரியாதை போயிடும்.

மத்த சனிக்கிழமை எல்லாம் இதே டைனிங் டேபிள்தான். ஒரு தட்டு சோத்தை முன்னாடி வெச்சுக்கிட்டு ப்ரொஃபஸரைத் திட்டுவேன், விசாவைத் திட்டுவேன், அமெரிக்காக் குளிரைத் திட்டுவேன். அத்தை எதிர்ல உக்காந்து, "ஆமா கண்ணு, அப்பறம்?"னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. பதிலுக்கு அவங்க கதையும் வரும். மாமா காரை வேற யாரோ வீட்டு டிரைவ்வேயில பார்க் பண்ணின கதைக்கு ரெண்டு பேரும் புரையேறச் சிரிச்சிருக்கோம்.

இன்னைக்கும் தோல்விதான். கையில ரெண்டு ஏஸ்! இருக்கற எல்லாத்தையும் உள்ள தள்ளினேன். எவனோ ஒருத்தன் ஏழையும் ரெண்டையும் வெச்சுக்கிட்டு கூடவே வந்தான். அதைவிடக் கேவலமான கையே ஆட்டத்துல கிடையாது. கடைசி ரெண்டு கார்டுல அவனுக்கு ஒரு ஏழு, ஒரு ரெண்டு; அவனோட ரெண்டு ஜோடி என்னோட ஒத்தை ஏஸ் ஜோடியை முழுங்கிடுச்சு. என் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டிகிரியை அங்கயே கிழிச்சுப் போட்டுடலாம்னு இருந்துச்சு.

அந்தக் கடுப்பெல்லாம் இப்போ காணோம். அத்தை மூஞ்சியைப் பார்க்கவே முடியல.

"அத்தை... மகிழன் சொன்னது நிஜம்தானுங்க."

"தெரியும் கண்ணு."

"தெரியுமா? எப்போ இருந்து?"

"மொத வாரமே. மாடியில நின்னுக்கிட்டு 'ஃபோல்டு பண்ணுடா, சீட்டைக் கீழ போட்டுத் தொலைடா பரதேசி'ன்னு அந்தக் கத்து கத்துனா, கீழ கேக்காதா? பக்கத்து வீட்டு நாயே குலைச்சுது."

எனக்குத்தான் எதுலயும் விட்டுக் குடுத்துப் பழக்கமில்லையே. என் மேலயே கேஸ் போட்டு நானே வாதாட ஆரம்பிச்சேன்.

"அப்புறம் எதுக்குங்க அத்தை டல்லாஸ் போகாம இருக்கீங்க? நான் உங்களுக்காக வரல. சோறும் வைஃபையும் ஃப்ரீன்னு வர்றேன். ஜெயிச்சா உங்ககிட்டப் பொய் சொல்லிட்டு ஓடறேன். சுயநலம் புடிச்சவன் நான். திட்டுங்க! உங்களுக்குக் கோவமே வரலியா?"

"எனக்கு எதுக்குக் கோவம்? நான் மட்டும் உனக்கு நல்லது நெனைச்சனாக்கும்?"

எனக்குப் புரியல. அத்தை இன்னொரு கரண்டி சோறு வெச்சு, நெய்யை ஊத்தினாங்க.

"ஜெயிச்சா நீ ஷூவைக்கூட ஒழுங்கா மாட்டாம ஓடிருவே. தோத்தாத்தான் இப்படி உக்காந்து சாயங்காலம் வரைக்கும் என்கூடப் பேசிட்டு இருப்பே. அதனால நீ மாடிப்படி ஏறுனதும் நான் சாமி ரூமுக்குப் போயிருவேன் கண்ணு. 'முருகா, இன்னைக்கும் இவன் தோக்கணும்'னு வேண்டிக்கறதுக்கு."